பெருச்சாளி புகுந்த தோட்டம்: பெங்களூரில் யார் யார் என்ன செய்தீர்கள்?

அல்சூர், தனி வீடு
காம்பவுண்டுச் சுவர் ஓரமாகச் சேப்பங்கிழங்கு போட்டிருந்தேன். இலை எல்லாம் ஜம்மென்று நிற்கும். பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், அடியில் கிழங்கு இருக்காது. சுவரடியில் வளை, வளை வாயில் ஒரு கூடை மண். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பூனைக்குட்டி பருமனில் ஒன்று, முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. "மூஞ்சூறுதான், பிள்ளையார் வாகனம், விஷம் கிஷம் வைக்காதே" என்கிறார் மாமியார். மூஞ்சூறு பூச்சி தின்கிற ஜாதி, அது எதற்குக் கிழங்கைத் தோண்டப் போகிறது? விஷம் வைக்க எனக்கும் மனசில்லை. வேறு வழி சொல்லுங்களேன்.

மல்லேஸ்வரம்
எலிக்கூண்டு பத்தாது அக்கா, பெருச்சாளிக்கென்று பெரிய கூண்டு தனியாக வரும். புதுச் சாமான் எதைக் கண்டாலும் அது சில நாள் கிட்டவே வராது. அதனால் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, தினமும் கருவாடு போட்டேன். பயம் தெளிந்து உள்ளே போய்த் தின்னப் பழகின பிறகுதான் கம்பியை அவிழ்த்தேன். மாட்டியது. ஆனால் கொண்டுபோய் எங்கே விடுவது? அடுத்த லேஅவுட்டில் விட்டால் நம் தலைவலி அவர்கள் தலையில். அந்த இடம் வெறுமையாகவும் இல்லை, கொஞ்ச நாளில் வேறொன்று குடிவந்துவிட்டது.

ஆர்.டி. நகர்
எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். வயலில் மூங்கில் கிட்டி என்கிற பொறி வைப்பார்கள், இல்லாவிட்டால் வளையில் புகை போட்டுப் பிடிப்பார்கள். வீட்டை ஒட்டின வளையில் புகை போட்டால் அடுத்த வீட்டு ஹாலில்தான் கிளம்பும்.

விஷம் வேண்டாம் என்று உங்கள் மாமியார் சொன்னது சரிதான், காரணம்தான் வேறு. கடையில் விற்கிற புரோமடியோலோன் கட்டி ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்றது உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் கூகைக்கும் அதே கதி. வளைக்குள் செத்தால் நாற்றம் வேறு. ஜிங்க் பாஸ்பைடு இன்னும் மோசம், வயிற்று அமிலம் பட்டதும் விஷ வாயுவாகும். குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஜெயநகர்
எங்களுக்கு நின்றது வலை போட்ட பிறகுதான். சாயங்காலம் எல்லா வளையிலும் பழைய பேப்பரைத் தளர்வாகத் திணித்து வையுங்கள். காலையில் எதைத் தள்ளியிருக்கிறதோ அதில்தான் நடமாட்டம். அங்கே சுவரை ஒட்டி ஒன்றரை அடி பள்ளம் எடுத்து, அரை அங்குலக் கண் ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி வலை) இறக்கினோம். அடிப்பக்கத்தை அது வருகிற திசைக்கு ஒரு அடி மடக்கிவிட்டு மண்ணை மூடணும். சுவரடியில் தோண்டிக்கொண்டு வருவது அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். கோழிக்கூண்டு வலை வேண்டாம், கடித்துப் பிய்த்துவிடும்.

வரும் வழி பெரும்பாலும் சாக்கடை. உடைந்த ஸ்லாபை மாற்றினோம். கம்போஸ்ட் தொட்டியில் சோறு, சப்பாத்தி போடுவதையும் நிறுத்தினோம். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான்.

பழைய வளையைக் கிளறும்போது கிளவுஸும் பூட்ஸும் கட்டாயம். அதன் மூத்திரம் கலந்த ஈர மண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும்.

அல்சூர்
மெஷ் எங்கே வாங்கினீர்கள் சார்? முழுச் சுருளாகத்தான் தருவார்களா?

ஜெயநகர்
எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில். அடிக்கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். சுவர் நீளத்தை அளந்துகொண்டு போங்கள், மூலை மடிப்புக்குக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள்.