சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரும்புக்குத் தண்ணீர்க் கணக்கு: எங்கே இடிக்கிறது?

கேள்வி:
உடுமலை பக்கம் 3 ஏக்கர் கரும்பு, 7 மாதப் பயிர், சொட்டுநீர். எல்2ஏ (காற்றுமண்டலத் தாக்கம் நீக்கிய) படத்தை இறக்கி வயலின் சராசரி எடுத்தால் சிவப்புப் பட்டை (பி4) 1400, அகச்சிவப்பு (பி8) 5000. என்.டி.வி.ஐ (பசுமைக் குறியீடு) 0.56 வருகிறது. பயிர்க் கெழு = 1.25 × என்.டி.வி.ஐ + 0.2 என்று போட்டால் 0.90தான். எஃப்.ஏ.ஓ-56 (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பயிர்நீர்க் கையேடு) அட்டவணையோ நடுப்பருவக் கரும்புக்கு 1.25 என்கிறது. எதை நம்புவது? இ.டி.ஓ (குறிப்புப் புல்வெளியிலிருந்து ஆவியாகும் நீர்; இதைக் கெழுவால் பெருக்கினால் பயிரின் தேவை) ஒரு நாளைக்கு 5.5 மி.மீ.

பதில் 1:
வயலில் குறையில்லைங்க, எண்ணில்தான் குறை. 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் ஒவ்வொரு பட்டையிலும் 1000 கூட்டியே தருகிறார்கள். அதைக் கழித்துவிட்டுப் பாருங்க: 400, 4000. என்.டி.வி.ஐ 0.82, கெழு 1.22.

5.5 × 1.22 = 6.7 மி.மீ. ஏக்கருக்கு 1 மி.மீ என்றால் 4,047 லிட்டர். 3 ஏக்கருக்கு, சொட்டுநீர்த் திறன் 90% வைத்தால், நாளைக்குச் சுமார் 91,000 லிட்டர். உங்கள் பழைய கணக்கில் 67,000தான் போயிருக்கும். கூகுள் எர்த் எஞ்சின் (இணையத்திலேயே படங்களைக் கணக்கிடும் தளம்) தரும் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பை எடுத்தால் 1000 ஏற்கெனவே கழிந்திருக்கும். மறுபடி கழித்தால் சிவப்பு மைனஸில் போய்விடும்.

பதில் 2:
வயல் எல்லையை 10 மீட்டர் உள்ளே தள்ளி வரைந்தீர்களா? 3 ஏக்கரில் மொத்தமே 120 பிக்சல்தான். வரப்புத் தென்னையும் அதன் நிழலும் விழுந்த ஓரப் பிக்சல்கள் சராசரியைக் கெடுக்கும். உள்ளே தள்ளினால் 80 மிஞ்சும், போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் தெளிவான படம் கிடைப்பதே அபூர்வம். எஸ்.சி.எல் (ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று சொல்லும்) பட்டையில் 3, 8, 9, 10 எண்ணுள்ள பிக்சல்களை நீக்குங்க. 8, 9, 10 மேகம், 3 மேக நிழல். நிழலை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இடைப்பட்ட நாட்களுக்குக் கெழுவை நேர்கோட்டில் நிரப்பலாம், அது மெதுவாகத்தான் மாறும். இ.டி.ஓ-வை அப்படி நிரப்பக் கூடாது, அன்றன்றைக்கு உள்ளதுதான். மழையில் வேருக்கு இறங்கிய பங்கையும் கழிக்கணும்.

கேள்வி கேட்டவர்:
1000 கழித்ததும் சரியாகிவிட்டது, நன்றி. 10 மீட்டர் உயரக் காற்றளவை அப்படியே இ.டி.ஓ-வில் போட்டிருக்கிறேன். தப்பா?

பதில் 3:
தப்புதான். சூத்திரம் கேட்பது 2 மீட்டர் உயரக் காற்று, 0.75 ஆல் பெருக்குங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் இந்த ஒரு பிழையே இ.டி.ஓ-வை நன்றாக ஏற்றிவிடும்.

இன்னொன்று. என்.டி.வி.ஐ காட்டுவது இலைப்பரப்பை, தாகத்தை அல்ல. தண்ணீர் குறைந்து இலைத்துளைகள் மூடிய பிறகும் கரும்பு இலை பல நாள் பச்சையாகவே இருக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வெப்பப் பட்டை அதைக் காட்டும், ஆனால் அதன் ஒரு பிக்சல் 100 மீட்டர். உங்கள் வயலே கிட்டத்தட்ட ஒரு பிக்சல், பக்கத்து வயலும் அதில் கலந்துவிடும். அதனால் வாரம் ஒரு தடவை இரண்டு டிரிப்பருக்கு நடுவில் ஓர் அடி தோண்டி, மண்ணைப் பிடித்துப் பாருங்க. உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால், கணக்கைத் திருத்துவதற்கு முன் ஃபில்டரையும் லேட்டரல் (சொட்டுக் குழாய்) கடைசி டிரிப்பரையும் பாருங்க.