சாகா கார் பூட்டில் சப்வூஃபர்: மாவு வாளிக்கும் இடம் வேண்டும்

செந்தூல் சாகா:
வணக்கம் அண்ணன்மாரே. மச்சான் தன் காரை விற்றபோது 10 அங்குல சப்வூஃபரையும் (பேஸ் அடிக்கும் பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்டும் 300 வாட் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டார். வைக்கத்தான் இடமில்லை. சனிக்கிழமை காலையில் மனைவி விற்கும் தோசை மாவு, ஆறு வாளி, என் புரோட்டான் சாகா பூட்டில்தான் போகும். பெட்டி கண்ணில் பட்டால் வீட்டில் பஞ்சாயத்து. கடையில் கேட்டால் ஸ்பேர் டயரைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் அடித்துத் தருகிறேன் என்கிறார். மாதம் இரண்டு முறை காராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங் போகிறவன் நான். மனம் ஒப்பவில்லை.

பாகான் கிழவன்:
டயரைத் தொடாதே தம்பி. பூட்டின் ஓரத்தில், சக்கர வளைவுக்குப் பின்னால் கம்பளத்தை விலக்கிப் பார். பள்ளம் ஒன்று சும்மா கிடக்கும். அதற்கே அச்சு எடுத்து ஃபைபர்கிளாஸில் பெட்டி செய்யலாம். பட்டர்வொர்த்தில் என் பழைய புரோட்டான் வீரா காருக்கு அப்படித்தான் செய்தேன்.

முதலில் பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினியத் தாள், அப்புறம் மெழுகு. ஓர் இடம் விட்டாலும் ஃபைபரில் பூசும் ரெசின் பசை காரோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு மூலை ஒட்டி, உளியால் நெம்பியதில் பெயிண்ட்டும் சேர்ந்து வந்தது. ஃபைபர் நாலைந்து அடுக்கு போடு. காய்ந்ததும் எடுத்து, ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டு. வெட்டிய விளிம்பிலும் ரெசின் பூசு. நம் ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் உப்பிவிடும்.

10 அங்குலத்துக்கு மூடிய பெட்டி என்றால் ஏறக்குறைய 18 முதல் 20 லிட்டர். உன் சப்பின் தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. கோணல்மாணலான பெட்டியை அளவுகோலால் அளக்க முடியாது. அரிசியைக் கொட்டி நிரப்பி, அதை 5 லிட்டர் எண்ணெய்ப் போத்தலில் அளந்து பார். அந்த அரிசியைச் சமைக்காதே.

பிரிக்பீல்ட்ஸ் ஒயர்:
பெட்டி சரி, ஒயரிலும் கவனம் வையுங்கள் பாஸ். 300 வாட்டுக்கு 8 கேஜ் செம்பு ஒயர், 40 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பவர் ஒயர் ஒரு பக்கம், ரேடியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டு போகும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கம். சேர்த்துப் போட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஒரு சத்தம் ஏறும். எர்த் அடிக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள். துளை போடுமுன் கீழே குனிந்து பாருங்கள். பின் சீட்டுக்கு அடியில் பெரும்பாலும் பெட்ரோல் டாங்கிதான். அப்புறம் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும்போது தகரம் முதலில் பாடும்.

செந்தூல் சாகா:
நேற்று விலக்கிப் பார்த்தேன். பள்ளம் இருக்கிறது. உள்ளே எப்போதோ தொலைந்த வாளி மூடி ஒன்றும் கிடந்தது. மூடியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன், பள்ளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணே, 10 கிலோ அரிசி மூட்டை ஒன்று போதுமா?

பாகான் கிழவன்:
போதாது. 20 லிட்டருக்கு 16 கிலோ பிடிக்கும். இரண்டு மூட்டைக்கு வீட்டில் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை.