முதல் தொலைநோக்கி: 20,000 ரூபாய்க்குள் எதை வாங்குவது, எந்த ஐபீஸ்களைச் சேர்ப்பது?

வெண்ணாற்றங்கரை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், அறிவியல் ஆர்வலர்கள் சிலர் பள்ளிக்குக் கொண்டுவந்திருந்த தொலைநோக்கியில் வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களால் 20,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். அதற்கு மேல் இந்த ஆண்டு இயலாது என்பதால், ஒரே முறையில் சரியாக வாங்கிவிட விரும்புகிறேன்.

இணையக் கடைகளில் தேடியதில் மூன்று கருவிகள் கண்ணில் பட்டன. முதலாவது, 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட லென்ஸ் தொலைநோக்கி. விலை மிகவும் குறைவு, 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, 114 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள கண்ணாடித் தொலைநோக்கி. எடைக்கட்டி தொங்கும் ஈக்யூ மவுண்ட் (வானத்தின் சுழற்சிக்கேற்ப அச்சைச் சாய்த்து வைக்கும் தாங்கி) உடன் வருகிறது. மூன்றாவது, மேசைமேல் வைத்துப் பார்க்கும் 130 மி.மீ. டாப்சோனியன், அதன் குவியத் தொலைவு 650 மி.மீ. இவற்றில் எது நல்லது? கூடவே வரும் ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் செருகும் லென்ஸ்கள்) போதுமா, தனியாக வாங்க வேண்டுமா? மகளும் நானும் மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கப்போவது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான்.

மாடிவானம் – மறுமொழி

வணக்கம். மூன்றாவதை வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால்தான் அந்தக் கருவியோடு பொறுமையாகப் பழக முடியும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

525 மடங்கு என்ற எண் எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. பெருக்கத்தைக் கூட்ட ஐபீஸுக்கு முன் செருகும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸால் அதைப் பெருக்கினால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு தொலைநோக்கி எவ்வளவு பெருக்கத்தைத் தாங்கும் என்பதை அதன் விட்டமே தீர்மானிக்கிறது. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை இரண்டால் பெருக்குங்கள். காற்று அசையாமல் நிற்கும் மிக நல்ல இரவிலும் அந்த எண்ணைத் தாண்டிப் பயனில்லை. 60 மி.மீ. கருவிக்கு அது 120. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் குழம்பிப் போகும். புதிதாக ஒரு விவரமும் தெரியாது.

என் முதல் தொலைநோக்கி அத்தகைய 60 மி.மீ. கருவிதான். விற்றவரின் பெயர் இங்கே வேண்டாம். அதன் லென்ஸ் உண்மையில் மோசமில்லை, முக்காலிதான் மோசம். உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய அலுமினியக் கால்கள். சனியைத் தேடிப் பிடித்து, தெளிவாக்குவதற்காகத் திருகைத் தொட்டேனோ இல்லையோ, உலை கொதிக்கும்போது அரிசி துள்ளுவதைப்போல அது துள்ளத் தொடங்கிவிடும். அசைவு அடங்குவதற்குள் பூமியின் சுழற்சி அதைப் பார்வைப் புலத்தின் ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். மறுபடி தேட வேண்டும். அப்படி இரண்டு மாதங்கள் போராடிவிட்டு அதைப் பரணில் போட்டேன். எந்தக் கருவியையும் நேரில் பார்த்து வாங்கும் வாய்ப்புக் கிடைத்தால், குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, படம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் அது நல்ல தாங்கி.

இரண்டாவது கருவியில் இரண்டு குறைகள் இருக்கின்றன. குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருந்தும் குழாயின் நீளம் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கிறது என்றால், உள்ளே ஒரு திருத்த லென்ஸை வைத்துக் குவியத் தொலைவை நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பேர்ட்–ஜோன்ஸ் எனப்படும் இந்த அமைப்பு கவனமாகச் செய்யப்பட்டால் வேலை செய்யும்; மலிவுக் கருவிகளில் அந்தக் கவனம் இருப்பதில்லை. கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் கோலிமேஷன் வேலையும் இதில் புதியவருக்குப் பிடிபடாது.

அடுத்த குறை நம் ஊரைப் பொறுத்தது. வெளிநாட்டு வழிகாட்டிக் கட்டுரைகளில் இதை யாரும் எழுதுவதில்லை. ஈக்யூ மவுண்டின் ஓர் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். தஞ்சாவூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. பெரும்பாலான இரவுகளில் தென்னந்தோப்பும் தூசியும் அதை மறைத்துவிடும். அவ்வளவு தாழ்வாக அச்சைச் சாய்த்தால் பல மலிவு மவுண்டுகளில் எடைக்கட்டித் தண்டு முக்காலியின் காலிலேயே இடிக்கும். சிலவற்றை அந்த அளவுக்குச் சாய்க்கவே முடியாது. இலண்டனுக்கும் பெர்லினுக்கும் பொருந்துவது காவிரிப் படுகைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

டாப்சோனியனில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்சன், ஒட்டுப்பலகைப் பெட்டியில் குழாயைத் தாங்கவைத்து, தெருவில் போவோரையெல்லாம் அழைத்து வானத்தைக் காட்டியபோது பரவிய அமைப்பு இது. இடவலமாகவும் மேல்கீழாகவும் கையால் தள்ளினால் போதும். முக்காலிக்குப் போக வேண்டிய பணம் இதில் கண்ணாடிக்குப் போகிறது. 130 மி.மீ. கண்ணாடி உங்கள் முதல் கருவியைவிட ஏறத்தாழ நான்கரை மடங்கு அதிக ஒளியைத் திரட்டும்.

இதிலும் சில வேலைகள் உண்டு. நீட்டி மடக்கும் திறந்த குழாயாக இருந்தால் தெருவிளக்கின் ஒளி பக்கவாட்டில் புகும்; கருப்புச் சார்ட் தாளை உருளையாகச் சுற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள். ஐபீஸ் செருகும் பகுதி மரையாகச் சுழலும் வகையாக இருந்தால் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும். குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவை அந்த மரையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் நின்றுவிடும். வைத்துப் பார்க்க உறுதியான மர ஸ்டூல் வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பகலெல்லாம் வெயிலை வாங்கிய மாடித் தளம் இரவு வெகுநேரம் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முன்னிரவில் கோள்கள் நீருக்கடியில் இருப்பவைபோல நெளியும். கோள்களுக்குப் பத்து மணிக்கு மேல் மாடி ஏறுங்கள், அல்லது கொல்லைப்புற மண் தரையில் வையுங்கள்.

கடலோரம் – மறுமொழி

மேலே நண்பர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கண்ணாடித் தொலைநோக்கிக்கு அவ்வப்போது கோலிமேஷன் தேவைப்படும். அதற்குப் பொறுமை இல்லாத வீட்டில் 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள லென்ஸ் தொலைநோக்கி, உறுதியான முக்காலியோடு கிடைத்தால், பல ஆண்டுகள் தொல்லையின்றி உழைக்கும். நிலவின் குழிகளும் சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் அதிலேயே தெரியும். மங்கலான விண்மீன் திரள்களுக்குத்தான் அது போதாது. உங்கள் மகளுக்கு இத்தகைய நுணுக்க வேலைகளில் ஆர்வம் இருந்தால் 130ஐயே வாங்குங்கள். கோலிமேஷனுக்குக் கருவி வாங்கவும் தேவையில்லை: ஐபீஸ் செருகும் துளையை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நட்டநடுவே சிறு துளையிட்டு, அதன் வழியே பார்த்துத் திருகுகளைச் சரிசெய்யலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஈரப்பதத்தைப் பற்றி. நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த ஓர் ஐபீஸை ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் எடுத்துப் பார்த்தபோது, லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலையைப்போலக் கிளைகிளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்துப் போகிற இடத்தில் இல்லை. அந்த ஐபீஸ் போனது போனதுதான். அதன்பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன்தான் ஐபீஸ்களை வைக்கிறேன். பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். தொலைநோக்கியைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். புழுக்கமான காற்று பட்டவுடன் கண்ணாடி முழுதும் நீர் கோத்துக்கொள்ளும்.

பழைய கருவி வாங்குவதானால் டார்ச் அடித்து லென்ஸுக்குள் இந்தப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கண்ணாடியின் மேல் தூசி தெரிந்தால் அதற்கு அஞ்ச வேண்டாம். அது படத்தைக் கெடுப்பதில்லை, அதைத் துடைக்கிறேன் என்று கீறுவதுதான் கெடுக்கும்.

கண்ணாடிக்காரர் – மறுமொழி

ஐபீஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் மூக்குக் கண்ணாடி அணிபவன்.

130 மி.மீ. கருவியோடு வழக்கமாக 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் வரும். 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கு தரும். அதில் தெரியும் வானப் பரப்பின் அகலம் ஏறத்தாழ இரண்டு பாகை என்பதால் கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். அதை மாற்ற இப்போது அவசியமில்லை. 10 மி.மீ. ஐபீஸ் 65 மடங்கு. இதுதான் பெரும்பாலும் தரக்குறைவாக இருக்கும். உங்களுக்குப் புதிதாக வேண்டியது ஒரே ஓர் ஐபீஸ்: 66 பாகைப் புலம் (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தோன்றும் வட்டத்தின் அகலம்) உள்ள 6 மி.மீ. ஐபீஸ். தங்க நிறக் கோடு போட்டு, பல பெயர்களில் விற்கிறார்கள். 108 மடங்கு கிடைக்கும். அந்தப் பெருக்கத்திலும் முழு நிலவு ஓரத்தில் இடம் விட்டு அடங்கிவிடும். இதே வரிசையில் 15, 20 மி.மீ. ஐபீஸ்களை இந்தத் தொலைநோக்கிக்கு வாங்காதீர்கள். ஓரத்து விண்மீன்கள் வால் முளைத்ததுபோல இழுபடும்.

66 பாகை ஏன் முக்கியம் என்றால், டாப்சோனியன் தானாக வானத்தைப் பின்தொடராது. வானநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு பொருள் நொடிக்கு 15 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) நகர்கிறது. மேலே சொன்ன ஐபீஸில் ஒரு கோள் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போக ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். அதற்குப் பதில் 50 பாகைப் புலம் உள்ள 4 மி.மீ. பிளாசல் ஐபீஸை (வழக்கமான எளிய வகை) வாங்கினால், சுமார் 75 நொடியில் கடந்துபோய்விடும். வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிது.

இனி, கண்ணாடி அணிவோர் பிரச்சினை. ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது ஒவ்வோர் ஐபீஸுக்கும் வேறுபடும். குறைந்த குவியத் தொலைவுள்ள பிளாசல் ஐபீஸ்களில் கண்ணிமை லென்ஸில் இடிக்கும் அளவுக்கு நெருங்க வேண்டும். நான் சொன்ன 6 மி.மீ. ஐபீஸில் ஏறத்தாழ 15 மி.மீ. இடைவெளி கிடைக்கும். ஆனால் உங்களுக்கு இருப்பது கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும்தான் என்றால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகைச் சற்றுத் திருப்பினாலே படம் தெளியும். உருளைப் பார்வைக் குறை, அதாவது மருத்துவச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதுவது, கூடுதலாக இருந்தால் மட்டுமே குறைந்த பெருக்கத்தில் கண்ணாடி தேவைப்படும். உயர்ந்த பெருக்கத்தில் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை மிக மெல்லியது. அங்கே அந்தக் குறையும் பெரிதாக உறுத்தாது.

பெட்டி நிறைய ஐபீஸ்களும் வண்ண வடிகட்டிகளும் அடுக்கிய தொகுப்புகளை வாங்க வேண்டாம். சூரியனைப் பார்க்க என்று ஐபீஸில் திருகும் கருப்புக் கண்ணாடி எதிலாவது வந்தால், மகள் கையில் படும் முன் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் அந்த நொடியிலேயே பார்வை போகும். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி, குழாயின் முன்வாயை முழுவதும் மூடுவதாக மட்டுமே இருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை – மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 130 மி.மீ. டாப்சோனியனையும் 6 மி.மீ. ஐபீஸையும் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். மகளுக்குக் கண்ணாடியில் சிலிண்டர் இல்லை என்று சீட்டை எடுத்துச் சரிபார்த்தேன். ஒரே ஒரு கேள்வி: படங்களில் பார்ப்பதுபோல் சனியின் வளையம் அகலமாகத் தெரியுமா? ஏமாந்துவிடுவாளோ என்று கவலையாக இருக்கிறது.

மாடிவானம் – மறுமொழி

இப்போதைக்கு அவ்வளவு அகலமாகத் தெரியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அதிலிருந்து மெல்ல விரிந்துவருகிறது. 2032 வாக்கில்தான் முழு அகலத்தைக் காட்டும். இனி ஒவ்வோர் ஆண்டும் சனி தெரியும் காலத்தில், தாளில் ஒரு வட்டம் போட்டுக்கொடுத்து, கண்ணில் பட்டதை அவளையே வரையச் சொல்லுங்கள். தேதியையும் எழுதி வைக்கட்டும்.

முதல் இரவு வளர்பிறை அரைநிலவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் குழிகளின் நிழல் நீளமாக விழும். முழு நிலவில் அந்த நிழல் இருக்காது. சித்திரை, வைகாசியில் நிலவில்லாத இரவு வாய்த்தால், தெற்கே 32 பாகை உயரம் வரை ஏறும் ஒமேகா சென்டாரி என்ற உருண்டையான விண்மீன் கூட்டத்தை 25 மி.மீ. ஐபீஸில் தேடுங்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. முதலில் பஞ்சுத் துண்டு போலத்தான் தெரியும், 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற்றி, கண்ணைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் அந்தப் பஞ்சு பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்.