கருப்பட்டி மைசூர்பாக்குக்கு ரெட்டிப்பு விலை கொடுக்கலாமா?

வேளச்சேரி வாசு:
தீபாவளிக்கு ஸ்வீட் ஆர்டர் கொடுக்கணும். எங்க ஏரியாவுல இப்ப தெருவுக்குத் தெரு இயற்கை இனிப்புக் கடை. கருப்பட்டி மைசூர்பாக், தினை லட்டு, கம்பு முறுக்கு, எல்லாமே சாதா கடையைவிட ரெட்டிப்பு விலை. ஒரு கடையில 'சுகர் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்'னு போர்டே வச்சிருக்காங்க. எங்கப்பா சுகருக்கு மாத்திரை போடுறவர். எனக்கு இது ஏமாத்து வேலையாத்தான் படுது. வாங்குறவங்க சொல்லுங்க.

மரச்செக்கு:
ஒரேயடியா ஏமாத்துன்னு சொல்லாதீங்க சார். திருவான்மியூர்ல சின்னதா கடை நடத்துறேன். கருப்பட்டி காய்ச்சுற பதநீர் வருஷம் முழுக்கக் கிடைக்காது, சில மாசம்தான் சீசன். தினமும் மரமேறி பாளை சீவணும், ஏற ஆளே குறைஞ்சு போச்சு. உடன்குடியிலிருந்து வர்ற கருப்பட்டியை அப்படியே சட்டியில போட முடியாது. தட்டி, கரைச்சு, மண்ணும் தூசும் போக வடிகட்டி, அப்புறம்தான் பாகு. சீனிப் பாகு மாதிரி அது சொன்ன பேச்சு கேக்காது, பதம் கொஞ்சம் தப்பினா மொத்தமும் கல்லாயிடும். பனை நம்ம மாநில மரம். ஏறுறவருக்குக் கூலி கட்டுப்படியாகாம மரம் மட்டும் எப்படி நிக்கும்?

அடையாறு உமா:
கூலி நியாயம், ஒத்துக்கிறேன். அந்த போர்டு அநியாயம். நான் உணவு ஆலோசகர். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எதுலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில இருக்குற அதே பொருள். தினையில நார்ச்சத்து இருக்கு, சரி. அதை நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் போட்டு உருட்டினா அது லட்டுதானே? 'இது இயற்கைதானே மேடம்'னு நாலு துண்டு சாப்பிட்டுட்டு, சுகர் எகிறி வர்றவங்களை தீபாவளி முடிஞ்சதும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வாசு சார், அப்பாவுக்கு எந்த மைசூர்பாக்கா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

பெரம்பூர் பேரன்:
அக்கா, அப்போ கலர் கொட்டுற கடையே மேலா? 2024 பிப்ரவரியில பஞ்சுமிட்டாய்ல ரோடமின் பி இருந்ததுன்னு நம்ம அரசே தடை போட்டது ஞாபகம் இருக்கா?

அடையாறு உமா:
இருக்கு தம்பி. அது துணிக்குப் போடுற சாயம், சாப்பாட்டுல எந்தக் கடையும் போடக் கூடாது. அதுக்காக வெல்லம்னாலே சுத்தம்னு நம்பாதீங்க. பளிச்னு மஞ்சளா தெரிய ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுக்குறாங்க. பளிச்னு இல்லாத கறுத்த வெல்லமா பார்த்து வாங்குங்க.

கோடம்பாக்கம் குமரன்:
சட்டம் என்னன்னு சொல்றேன், பேக்கிங் தொழில்ல இருக்கேன். பாக்கெட்ல 'ஆர்கானிக்'னு போட, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2017 விதிப்படி என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்று வேணும், ரெண்டும் அரசோட ஆர்கானிக் சான்றுத் திட்டம். அதுக்கான அரசு முத்திரையும் இருக்கணும். நேரடியா விற்குற சின்ன விவசாயிக்கு மட்டும் விலக்கு. 2018 விளம்பர விதிப்படி பல பொருள் சேர்ந்த லட்டை 'இயற்கை'ன்னே சொல்லக் கூடாது. சேர்த்த பொருள் எல்லாம் அந்த விதிக்குப் பொருந்தினா, 'இயற்கைப் பொருள்களில் செய்தது'ன்னு சொல்லலாம், அவ்வளவுதான். தெருவுல பாதி போர்டு இதுலயே அடிபடும்.

மரச்செக்கு:
என் கடையில ஆர்கானிக்னு எழுதல, சுகர் போர்டும் இல்ல. அப்படி வைக்குறவங்களாலதான் எங்க பேரும் கெடுது. கருப்பட்டியிலயே சீனி கலந்து அனுப்புறாங்க. உடைச்சுப் பார்த்தா உள்ளே மினுமினுன்னு பொடிக்கல் தெரிஞ்சா, அந்த மூட்டையை நான் திருப்பி அனுப்பிடுவேன்.

பெரம்பூர் பேரன்:
விலையைப் பத்தி யாரும் பேசலையே அண்ணா. கோவில்பட்டி கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லமும்தான், 2020ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அது எங்க தெரு பெட்டிக்கடையிலயே கிடைக்குது, சில்லறைக் காசுக்கு. எள்ளுருண்டை, பொரிவிளங்காய் எல்லாம் இல்லாதப்பட்டவங்க வீட்டுப் பலகாரம். அதையே கண்ணாடி டப்பாவுல அடைச்சு, எங்க வீட்டு ஆளுங்க தொட முடியாத விலைக்கு விக்குறது எந்த ஊர் நியாயம்?

மரச்செக்கு:
கடலைமிட்டாய்க்கு ரெட்டிப்பு விலை வைக்குறது தப்புதான் தம்பி, அதுல நான் உங்க கட்சி. கருப்பட்டிக்கு மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லாதீங்க. குறைச்சா முதல்ல அடி வாங்குறது பனையேறிதான்.

வேளச்சேரி வாசு:
கருப்பட்டி மைசூர்பாக் அரை கிலோ வாங்குறேன், வீட்டுல மத்தவங்களுக்கு. அப்பாவுக்குச் சுண்டல். அந்த போர்டை போட்டோ எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு இன்னைக்கே அனுப்புறேன்.