ஏழாவது வாரமே ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். கவனக்குறைவால் இன்டர்ன்ஷிப்பை இழந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

பனைநிழல்

கடைசி செமஸ்டர். சென்னை ஓஎம்ஆரில் ஒரு சின்ன ஐடி கம்பெனி, ஆறு மாத இன்டர்ன்ஷிப், மாதம் 15,000. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

பிஜி ரூமில் ராத்திரி உட்கார்ந்து வேலையை முடிக்கலாம் என்று ப்ராஜெக்ட்டை என் சொந்த கிட்ஹப்பில் (கோடிங்கைச் சேமித்து வைக்கும் தளம்) ஏற்றினேன். ரெப்போ, அதாவது ப்ராஜெக்ட் ஃபோல்டர், பப்ளிக், யாரும் பார்க்கலாம். ஏற்றக் கூடாத ஃபைல்களைக் குறித்து வைக்கும் கிட் இக்னோர் நான் போடவில்லை, ரகசியங்கள் வைக்கும் என்வ் ஃபைலும் கூடவே போய்விட்டது. உள்ளே மோங்கோ டேட்டாபேஸின் பாஸ்வேர்டு. 11:20க்கு ஏற்றி, 11:27க்குக் கவனித்து, அந்த ஃபைலை அழித்து இன்னொரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டேன். அப்பாடா என்று படுத்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

காலையில் ஸ்டேஜிங் டேட்டாபேஸ், அதாவது வெளியிடும் முன் சோதித்துப் பார்க்க வைத்திருப்பது, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ரீட் மீ என்று ஒரே ஒரு கலெக்ஷன், திறந்தால் பிட்காயின் கேட்டு நாலு வரி. மென்டார் அக்கா எழுந்து நின்று, "நேத்து யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். மணி 10:15 இருக்கும். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மதியம் அவர் டப்பாவிலிருந்து வத்தக்குழம்பு சாதம் எடுத்து என் மூடியில் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

2:30க்கு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். என் ரெப்போ, என் கமிட், நேரம் 11:27. "இதை அழிக்கும்போதே உனக்குத் தெரியும்ல?" என்றார். குரல் உயரவே இல்லை. மறுநாள் ஹெச்ஆர் கூப்பிட்டு, கம்பெனி கோடிங்கை வெளியே வைத்தது ஒப்பந்தத்தை மீறியது, அந்த ஸ்டேஜிங்கில் நிஜ கஸ்டமர்களின் போன் நம்பர்கள் இருந்தன என்றார்கள். அரை மணி நேரத்தில் கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் ஒன்பது நாள் சொல்லவில்லை. காலையில் குளித்து, பை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் போய் உட்காருவேன். சாயங்காலம் அப்பா போனில் "ஆபீஸ் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். முடிஞ்சுதுப்பா. ஊர் டீக்கடை முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. டிகிரி முடித்துவிட்டேன், இன்டர்வியூ போகிறேன். "ஏன் ஏழு வாரம்தான்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது டேட்டாபேஸ் இல்லை, வத்தக்குழம்பு. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

லேத்துக்காரன்

கோயம்புத்தூர், மெக்கானிக்கல், 2019. விஎம்சி மெஷின், புரோகிராம் படி தானாக உலோகத்தைச் செதுக்கித் துளை போடுவது. என் கதை ஒரே ஒரு புள்ளி.

அந்த மெஷினை ஓட்டும் ஃபானக் கன்ட்ரோல் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய செட்டிங்கில் டூலின் உயரத்துக்கு இசட்50 என்று எழுதிப் பக்கத்தில் புள்ளி வைக்காவிட்டால் அது 50 மில்லிமீட்டர் கிடையாது, 50 மைக்ரான். டூல் 50 மில்லி மேலே தூக்கிக்கொண்டு அடுத்த துளைக்குப் போக வேண்டும். என் புரோகிராமில் அது ஜாப்பை (செதுக்கும் உலோகத் துண்டை) விட்டு 0.05 மில்லி மட்டும் எழும்பி, ஜி0 என்ற முழு வேகத்தில் குறுக்கே ஓடி, ஜாப்பைப் பிடித்திருந்த கிளாம்ப்பில் போய் அறைந்தது. சிங்கிள் பிளாக்கில், அதாவது ஒவ்வொரு வரியாக, ஓட்டிப் பார் என்று ஆபரேட்டர் அண்ணன் சொல்லியிருந்தார். நான் டீ நேரத்துக்குள் முடிக்க நினைத்தேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அண்ணன் ஓடி வந்து எமர்ஜென்சி ஸ்விட்சை அடித்தார். அடித்தவர் மெஷினைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பி விரல்களைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து, டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "போச்சு" என்றார்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை, புரோகிராமைச் சரிபார்க்காமல் விட்டதாக அவருக்கும் ஒரு மெமோ. என்னால் அவருக்கு. ரொம்ப நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே போன் பண்ணி, மச்சான் இங்கே கணபதி ஏரியாவில் பட்டறை வைத்திருக்கிறான், பழைய மெஷின், ஆள் இல்லை, போறியா என்றார். போனேன். இன்றைக்கும் புரோகிராம் எழுதி முடித்ததும் புள்ளிகளை மட்டும் ஒரு தடவை விரலை வைத்து எண்ணுவேன். பசங்க சிரிப்பார்கள்.

கொழும்பு_கணக்கன்

நான் இலங்கை, அளவையியல் (கட்டிட வேலைக்கு அளவும் செலவும் கணக்கிடுறது) படிச்சனான். பயிற்சிக்காலத்தில் சாந்து பூசும் பரப்பைச் சதுர அடியில் எடுத்துவிட்டு, சதுர மீட்டர் விலையால் பெருக்கிவிட்டேன். 10.76 மடங்கு. கேள்விப்பத்திரம் (டெண்டர்) கையளிக்க ஒரு மணித்தியாலம் இருக்கேக்கை பெரியவர் கண்டுபிடித்தார். "சொறி சேர்" என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததோ தெரியாது.

பயிற்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கிழமையும் (வாரமும்) மேற்பார்வையாளர் கையொப்பம் வைக்கவேணும். அந்தக் கிழமைப் பக்கம் வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. மிச்சப் பதினொரு கிழமையை வேறு இடத்தில் முடித்தேன், பட்டமும் எடுத்தேன். குறிப்பேடு இன்னும் அலுமாரியில் கிடக்கு. அந்தப் பக்கத்தைத் திறக்க மனம் வாறதில்லை.

சீனியர்2014

எல்லோரும் ஃபீலிங்ஸ் எழுதுகிறீர்கள், உபயோகமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் 2013ல் இன்டர்ன்ஷிப் போனது, ஒரு கிளையன்ட் மெயிலில் எல்லோரையும் சிசியில் போட்டுவிட்டேன், அவ்வளவுதான் கதை. விஷயத்துக்கு வருகிறேன்.

பனைநிழல், முதலில் டெக்னிக்கல் தப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபைலை அழித்து இன்னொரு கமிட் போட்டால் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹிஸ்டரியைத் திருத்தி எழுத ஃபில்டர் ரெப்போ மாதிரி டூல்கள் இருக்கின்றன, ஆனால் அதுவும் இரண்டாவது வேலை. முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. பப்ளிக்கில் ஒரு நிமிடம் இருந்தாலும் போனது போனதுதான், தானாகத் தேடும் பாட் புரோகிராம்கள் அதற்கென்றே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அது சரி, 2024லிருந்து கிட்ஹப்பே பப்ளிக் ரெப்போவில் பாஸ்வேர்டு மாதிரி சீக்ரெட் இருந்தால் புஷ்ஷை (ஏற்றுவதை) தடுக்கிறதே, உங்களைத் தடுக்கவில்லையா?

அடுத்து ரெஸ்யூமே. ஏழு வார இன்டர்ன்ஷிப்பை எதற்கு அதில் வைத்திருக்கிறீர்கள்? இன்றைக்கே எடுங்கள். கேள்வி கேட்க நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அந்த இடத்தில் இரண்டு நல்ல ப்ராஜெக்ட் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓடுகிற லிங்க் இருக்கட்டும், யாரும் திறக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், நான் திறப்பேன். லிங்க்டுஇன்னிலும் எடுங்கள். ரெஸ்யூமேயில் இல்லாமல் அங்கே இருந்தால் அது தனிப் பிரச்சினை. கல்லூரி பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் போய் அழாதீர்கள், அவருக்குக் கம்பெனி முக்கியம், நீங்கள் இல்லை. இன்டர்வியூவில் உண்மை பேசுவதெல்லாம் படிக்க நன்றாக இருக்கும். ஹெச்ஆர் ரவுண்டில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு முப்பது பேர், கழித்துக்கட்ட ஒரு காரணம் கிடைத்தால் சந்தோஷம். அதை நாமே தட்டில் வைத்துக் கொடுப்பானேன்?

பனைநிழல்

தடுக்கவில்லை அண்ணா. அது அடையாளம் தெரிந்த வகை டோக்கன்களை (குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கும் ரகசியக் குறியீடுகளை) மட்டும்தான் பிடிக்கிறது. என்னுடையது சாதாரண டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கண்டுகொள்ளவில்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது இப்போது தெரியும். அன்றைக்கு 11:27க்குத் தெரிந்திருந்தாலும் மாற்றும் அனுமதி எனக்கு இல்லை. அக்காவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மீனாட்சிபுரம்

கொழும்பு நண்பரே, "சொறி" என்று படித்ததும் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள், எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.

சீனியர்2014 சொல்வதை ஒத்துக்கொள்ளவே முடியாது. நான் சிஏ ஆர்ட்டிகிள், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சி. எங்களுக்கு ரெஸ்யூமேயிலிருந்து எடுப்பது என்ற பேச்சே கிடையாது. ஆர்ட்டிகிள்ஷிப் சிஏ இன்ஸ்டிடியூட்டில் பதிவாகிறது, நடுவில் விட்டால் அதற்கும் படிவம் போட்டு ஆடிட்டர் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆடிட்டர் முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான். மறைக்க முடியாத இடத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

என் கதை ஜூலை கடைசி வாரம். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய அந்த வருடம் 31 கடைசி நாள், ஆபீஸ் போர்க்களம். ஒரு கிளையன்டின் வருமானக் கணக்கை இன்னொரு கிளையன்டுக்கு மெயில் பண்ணிவிட்டேன். முதல் மூன்று எழுத்து அடித்ததும் அதுவே வந்து நின்ற பெயரைத் தட்டினேன், பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். ஒருவருக்கு மற்றவரின் லாபம் ரூபாய் பைசாவோடு போய்விட்டது.

ராத்திரி 9 மணிக்கு, அந்த மெயில் கிடைத்தவர் ஆடிட்டருக்குப் போன் பண்ணி, "சார், அவரு இவ்வளவுதான் சம்பாதிக்கிறாரா?" என்று கேட்டாராம். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. ஆகஸ்டில் படிவம் கையெழுத்தாகி என் கைக்கு வந்தது.

ஐந்து ஆடிட்டர் இல்லை என்றார்கள். ஆறாவது ஒரு வயதான அம்மா, மதுரையில், வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஒரு மெயிலை டைப் பண்ணி, "அனுப்புறதுக்கு முன்னாடி முகவரியைச் சத்தமா படி" என்றார். படித்தேன். "இங்க தினமும் அப்படித்தான்" என்றார். இரண்டு வருடம் அந்த முன்னறையில் முகவரிகளைக் கோயில் அர்ச்சனை மாதிரி சத்தமாகப் படித்தேன்.

சீனியர்2014

உங்கள் துறை வேறு, ஐடி வேறு. நான் ஐடிக்குச் சொன்னேன். ஒரு அம்மா கிடைத்தார் என்பதற்காக எல்லோருக்கும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

மீனாட்சிபுரம்

ஐந்து பேர் இல்லை என்றதையும் எழுதியிருக்கிறேனே, படிக்கவில்லையா?

திண்ணை_மேனேஜர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம். டீம் லீட். ஒரு இன்டர்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பனைநிழல், உங்கள் கம்பெனி மேல் எனக்கு இரண்டு கேள்வி. ஸ்டேஜிங்கில் நிஜ கஸ்டமர் நம்பர் எதற்கு? பாஸ்வேர்டு வெளியே போனாலும், உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே நுழையும்படி அந்த டேட்டாபேஸைத் திறந்து வைத்தது யார்? இரண்டும் நீங்கள் சேர்வதற்கு முன்பே செய்து வைத்த தப்பு. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், சரி. வீட்டுக்கு மதிலே கிடையாது.

கிட்ஹப் மாதிரியே இன்னொரு தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் இன்ஜினீயர் எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்தார். சுமார் 300 ஜிபியில் நிறுத்தும்போது 4.5 ஜிபி மிச்சம். பேக்அப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள், அந்த நேரத்தில் ஒன்றும் உருப்படியாக இல்லை. யாரோ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், அறிக்கையில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. அதை என் டீமுக்குப் படிக்கக் கொடுத்தவன் நான்.

அப்படிப் படிக்கக் கொடுத்த நானேதான் ஆறு மாதம் கழித்து அந்தப் பையனை அனுப்பினேன். எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'where' கண்டிஷன் இல்லாமல் டேட்டாபேஸில் ஓர் அப்டேட். டேபிளில் எல்லா ஆர்டரும் டெலிவர்ட் ஆகிவிட்டது. அவனுக்கு அந்த டேட்டாபேஸில் எழுதும் அனுமதி கொடுத்தது நான். மேலே கேட்டார்கள், பெயர் வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். நிரந்தர ஊழியராக இருந்தால் இரண்டு மீட்டிங்கோடு போயிருக்கும். இன்டர்னை அனுப்ப ஒரு மெயில் போதும்.

அவன் திட்டவில்லை, அழவில்லை. "சார், கேப் பாஸ் மாசக் கடைசி வரைக்கும் இருக்கு, இன்னைக்கு மட்டும் யூஸ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். வேளச்சேரி வரை போக வேண்டும். மழை. நாலு வருடம் ஆகிறது. ரெஃபரன்ஸ் யாராவது கேட்டால் நல்லபடியாகச் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன், இதுவரை யாரும் கூப்பிடவில்லை. சீனியர்2014 சொன்ன மாதிரி ரெஸ்யூமேயிலிருந்து எடுத்திருப்பானோ என்னவோ.

லேத்துக்காரன்

கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதற்கு நீங்களே அவனைக் கூப்பிடலாமே சார். எங்க அண்ணன் கூப்பிட்டாரே.

பனைநிழல்

எல்லோருக்கும் நன்றி. ரெஸ்யூமேயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்து ஒரு இன்டர்வியூ போய்ப் பார்த்தேன், "கடைசி செமஸ்டர் என்ன பண்ணினீங்க?" என்ற சாதாரணக் கேள்விக்கே வியர்த்துவிட்டது. மறுபடி போட்டுவிட்டேன். மூன்று இடத்தில் சொன்னேன். இரண்டில் முகம் மாறியது. மூன்றாவதில், அவர் பேனாவை வைத்துவிட்டு, "10:15லேர்ந்து 2:30 வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். வத்தக்குழம்பு வரைக்கும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவது ரவுண்டு, கோயம்புத்தூரில்.

திண்ணை மேனேஜர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி மென்டார் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். பெரிய மன்னிப்பெல்லாம் எழுதி, அழித்து, கடைசியில் "அக்கா, அன்னிக்கு காலைலயே எனக்குத் தெரியும். சாரி" என்று மட்டும் அனுப்பினேன். நீல டிக் வந்து முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் வந்தது: "கிட் இக்னோர் போட கத்துக்கிட்டியா?"