ஜனவரியில் இரண்டு வாரம், லண்டன் ஷிஃப்டோடு: புதுச்சேரியா, கொடைக்கானலா?

கேள்வி (புனைப்பெயரில் மூவர் தந்த பதில்கள் கீழே):
மதியம் 2.30 முதல் இரவு 11 வரை வேலை, தினமும் மூன்று வீடியோ கால். பத்து வேலை நாள் வெளியூரிலிருந்து செய்ய அனுமதி இருக்கிறது. எந்த ஊர் பொருந்தும்? அறை போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

உப்புக்காற்று:
புதுச்சேரி. உங்களுக்குக் காலைதான் விடுமுறை, அந்த ஊர் காலையில்தான் அழகு. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது. ஆறரை மணி வாக்கில் சூரியன் கடலிலிருந்தே எழும். (அங்கே கரை பெரும்பாலும் பாறை, குளிக்க இறங்க வேண்டாம். அதற்குச் சுண்ணாம்பாறு போய், படகேறி பாரடைஸ் கடற்கரையைப் பாருங்கள். அங்கும் அலை பலமென்றால் கரையோடு நின்றுவிடுங்கள்.) வடகிழக்குப் பருவமழையும் ஜனவரியில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பொங்கல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூட்டம், வாடகை இரண்டும் ஏறிவிடும். சாதாரண வாரத்தில்கூட ஞாயிறு மாலை வந்து வெள்ளி கிளம்புகிறவருக்குத்தான் மலிவு.

இன்வெர்ட்டர்:
"வைஃபை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் தங்கப்போகும் அதே அறையில், இரவு 9 மணிக்கு எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படத்தைக் கேளுங்கள். எல்லா அறையிலும் படம் ஓடும் நேரம் அது. உங்களுக்கோ வீடியோ கால் நேரம். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பதிவேற்றம் வினாடிக்கு 5 மெகாபிட்டுக்கு (Mbps) குறையக் கூடாது.

அடுத்தது கரன்ட். பல விடுதிகளில் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான், பிளக் பாயின்டுக்கு வராது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்து வீடியோ கால் துண்டாகிவிடும். ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டிக்கும் (ஃபைபர் கேபிள் வந்து சேரும் கருவி) மின்சாரம் வேண்டும். இவற்றை ஓட்ட 12 வோல்ட் மினி யுபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) ஒன்று கையோடு இருக்கட்டும். வோல்டேஜும் பிளக் பின்னும் பொருந்துகிறதா என்று அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் அவசியம்.

மலைப்பாதை:
கொடைக்கானலை அப்படித் தள்ள வேண்டாம், சிங்கப்பூர் டீம் என்றால் அதுதான் சரி. காலை 6.30க்குத் தொடங்கி 3.30க்கு முடித்தால் மாலை ஏரியைச் சுற்றலாம். உங்கள் லண்டன் ஷிஃப்டுக்கோ வேலை முடியும்போது சாப்பாட்டுக் கடை சாத்தியிருக்கும், ஜனவரி இரவில் குளிர் விரலை விறைக்க வைக்கும். காரில் போவதென்றால் இ-பாஸும் எடுக்க வேண்டும்.

உப்புக்காற்று:
ஒன்று விட்டுப்போச்சு. மேசை, நாற்காலி படம் கேளுங்கள். பிரம்பு நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் காலை நடக்க முதுகு விடாது.