முதன்முதலாக வாங்க வேண்டிய துப்பாக்கி மருந்து எது?

ஈசூன்வாசி:
வணக்கம். பணி நிமித்தமாக அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்கிறேன். அங்குள்ள இலக்குச் சுடும் மன்றம் ஒன்றில் சேர்ந்து, உரிமம் பெற்ற பிறகு, 308 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கியின் காலித் தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த விரும்புகிறேன். தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கியால் சுட்டதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. கடைப் பட்டியலில் உள்ள மருந்து வகைகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்? காலித் தோட்டாக்களை மட்டும் வைத்துக்கொண்டு இங்கேயே பழகலாமா?

பெர்த் போய்வந்தவன்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம், தம்பி. சுடுதளத்தை விட்டுக் கிளம்பும் முன், தோட்டாவோ காலி உறையோ தம்மிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க உறுதி கூறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கண்டிப்பு முகாமுக்கு வெளியேயும் உண்டு. நான் பெர்த்திலிருந்து கிளம்பும் முன், சுடுதளத்துக்குக் கொண்டு போன பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். உள்துணியின் தையலில் ஒரு பித்தளை உறை சிக்கிக் கிடந்தது. அதன் பிறகு அந்தப் பையையே அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

மருந்தைப் பொறுத்தவரை, ஏஆர் 2208 வாங்குங்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முல்வாலாவில் தயாராகும் இந்த மருந்துதான் அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. மிக விரைவாகவும் எரியாமல், மிக மெதுவாகவும் எரியாமல், 308 ரகத்துக்கு ஏற்ற நடுத்தர வேகத்தில் எரிவதாலும், வெப்பநிலை மாறும்போது அழுத்தம் அதிகம் மாறாததாலும், குயின்ஸ்லாந்து வெயிலில் அதை நம்பலாம். எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: சரியான அளவு போட்டாலே உறை ஏறக்குறைய நிறைந்துவிடும், தவறி இரண்டாம் முறை ஊற்றினால் மருந்து வழிந்து மேசையில் கொட்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். கைத்துப்பாக்கிக்குரிய வேக மருந்தை இதே உறையில் இட்டால் அடியில் சிறிதளவே இருக்கும். இரட்டிப்பானாலும் தெரியாது, துப்பாக்கி முகத்தருகே வெடித்துவிடும்.

தெம்பனிஸ் கணேசன்:
பெரியவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2208 குச்சி வடிவ மருந்து. அளந்து விடும் கருவியில் சில நேரம் குச்சிகள் நசுங்கித் தடைபடும், அளவு சற்று முன்பின் ஆகும். உருண்டை வடிவ மருந்து தண்ணீர்போல் இறங்கும். ஆகவே குச்சி மருந்தை வாங்கினால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நிறுத்துப் போடுங்கள். மருந்தின் எடைக்குக் கிரெய்ன் என்ற அலகைப் பயன்படுத்துவார்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், அதாவது குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி. நகைக்கடைக்காரரின் கவனம் இதற்கும் வேண்டும். உற்பத்தியாளரின் அட்டவணையில் உங்கள் குண்டின் எடைக்கு எதிரே உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள். சுட்ட பிறகு போல்ட்டைத் (துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் தாழை) தூக்கக் கடினமாக இருந்தாலோ, பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிப் போனாலோ, அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் ஏறாதீர்கள்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. இரண்டு வகை மருந்தையும் ஒவ்வொரு டப்பா வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

பெர்த் போய்வந்தவன்:
முதல் ஆண்டில் ஒன்றே போதும். ஒருநாள் மாலை மேசை மேல் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்திருந்த நான், கருவியில் மீந்ததைத் தவறான டப்பாவில் ஊற்றிவிட்டேன். கலந்த மருந்தைப் பிரிக்க முடியாது, நம்பிச் சுடவும் முடியாது; முழுவதையும் புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிட்டேன், நைட்ரஜன் இருப்பதால் அது புல்லுக்கு உரமாகிவிடும். அன்றிலிருந்து, மீந்த மருந்தை அதன் சொந்த டப்பாவில் ஊற்றி மூடிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுவேன்.